இருமல் வந்தது... பேச்சு வரவில்லை

போன வாரம் சேலத்தில், ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் அறை. என் சித்தப்பா மகள் மல்லிகாவுக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) மூன்று மாதமாகக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பதால், பனமரத்துப்பட்டியிலிருந்து அவளை அழைத்து வந்தது நானும் அவள் அண்ணன் செந்திலும்.

கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், “பலமா ஒரு தடவ இருமுங்கம்மா” என்றார். இருமினாள். கணீரென்று சத்தம் வந்தது.

“தொண்டை நல்லா இருக்கு. இருமும்போது வர்ற சத்தம் பேசும்போது வரல... இது நடிப்பு இல்லைங்க. மனசுல இருக்கற பாரம் உடம்புல இப்படியும் வரும். நிஜமான நோய்தான், குணமாகும்” என்று மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் செந்தில் ஆரம்பித்தான். “பாத்தீங்களாண்ணா... இருமத் தெரியுது, பேசத் தெரியலீங்களாமா. மூணு மாசமா எல்லாத்தையும் ஏமாத்தியிருக்கறா. இதுக்குப் பைத்தியக்கார டாக்டரு வேறயா? ஊட்டுக்குப் போலாங்க.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மல்லிகா சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! எந்த அடையாளத்தை வைத்து டாக்டர் நோயைக் கண்டுபிடித்தாரோ, அதையே அவள் மேல் குற்றமாக்கினால் எப்படி? ஸ்கேனில் கட்டி தெரிந்திருந்தால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருப்போம். ரிப்போர்ட் நார்மல் என்றால் மட்டும் அவள் நடிக்கிறாளா? பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மூன்று மாதம் எவள் நடிப்பாள்? வெட்கமாக இல்லையா நமக்கு?

அவன் பையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினேன். அன்று மாலையே மனநல மருத்துவரிடம் போனோம். செந்தில் உள்ளே வரவில்லை.

“எப்போதிலிருந்து?” என்று அவர் கேட்டார். மல்லிகா பேப்பர் வாங்கி எழுதினாள்: ‘பத்திர ஆபீஸ் போயிட்டு வந்த அன்னைக்கிருந்து.’

அப்பா நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். மல்லிகாவிடம் எழுதி வாங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். “உங்களுக்குச் சம்மதமாம்மா?” என்று அதிகாரி கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், “அதெல்லாம் சம்மதந்தானுங்க” என்றான் செந்தில். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா என்று மல்லிகாவிடம் கேட்டேன். சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் எழுதித்தான் காட்டுகிறாள். ‘எழுதுங்கண்ணா. சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாருன்னும் எழுதுங்க.’

எழுதிவிட்டேன் மல்லிகா... நான்தான்.