வீட்டைவிட்டுப் போனவளின் பாட்டு

செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்டோர்ஸில் உதிரி பாகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் வந்து நின்றார். "மேரி போய்ட்டாங்க சார். மஞ்சக்காமால முத்திடுச்சாம்" என்றார். உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, கவுண்டரில் காத்திருந்தவருக்குப் போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

நம் தொழிற்சாலை வாசகர் மன்றத்தில் சகாயமேரியை அறியாதவர் இல்லை. மண்ணூர்க்காரர். வாரம் முழுவதும் பேக்கிங் லைனில் நின்றுவிட்டு, ஞாயிறன்று மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். சங்கீதம் படித்தவரல்ல. ஆனாலும் நாம் எல்லோரும் படித்த அந்தப் பழைய நாவலைப் பாட்டு நாடகமாக்கலாம் என்று இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பேச்சு வந்தபோது, மெட்டு போட அவரைத் தவிர வேறு யாரையும் நமக்கு நினைக்கத் தோன்றவில்லை. கதாநாயகியாக நடித்ததும் அவர்தான்.

பாட்டு எழுதும் வேலை எனக்கு. நாவலில் எதையும் விட மனமில்லாமல் நாற்பது பாட்டு எழுதிப்போனேன். கேன்டீனில் அவற்றைப் புரட்டிய மேரி, "இன்னாண்ணே இது? இத்தினியும் பாடி முடிக்கறதுக்குள்ள ஜனங்க அடுத்த ஷிப்டுக்கே போயிடும்" என்றார். பன்னிரண்டு மிஞ்சின. புருஷன் வீட்டுக் கொடுமை தாங்காமல் கதாநாயகி வெளியேறும் கடைசிக் காட்சிக்கு நான் எழுதிய நீண்ட பாட்டு நான்கு வரியானது. "வூட்ட வுட்டுப் போறவ இவ்ளோ பேசமாட்டா."

மே மாதம் அரங்கேற்றம் என்று இருந்தோம். அந்த மே மாதம் நம் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, பத்துப் பேர் சேர்ந்து நிற்கவே பயந்தோம். நாடகம் தள்ளிப்போய், மழைக்காலத்துக்கு முன்பு ஒருவழியாக வல்லக்கோட்டையில் மேடையேறியது. கதாநாயகி நான்கு வரி பாடிவிட்டுப் போனாள். அவள் எங்கே போனாள் என்று நாவலைப் போலவே நாடகமும் சொல்லவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. எனக்கு முகம் செத்துவிட்டது. "தட்டாம போறாங்கன்னா, வூட்டுக்கு எடுத்துகினு போறாங்கண்ணே" என்றார் மேரி.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கேள்விப்பட்டவர்கள் கூப்பிட்டார்கள். இந்தச் சாலையில் இருக்கும் கம்பெனிகளின் மன்றங்களெல்லாம் ஆளுக்கொரு நாவலைத் தூக்கிக்கொண்டு மெட்டு கேட்டு மேரியிடம் வந்தன. வேலை முடிந்த களைப்போடு அத்தனை பேருக்கும் பாடிக் காட்டினார்.

பிறகு பக்கத்துக் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா. ஏற்பாட்டாளர் என்னைத் தனியே அழைத்து, "குடும்பத்தோட வராங்க சார். அந்தப் பொண்ணு திரும்பி வந்து புருஷனோட சேர்ற மாதிரி முடிச்சிடுங்க" என்றார். மறுத்திருக்கலாம். பெரிய மேடை, நிறையக் கூட்டம், ஆசை விடவில்லை. ஒப்புக்கொண்டு ஒரு மங்கலப் பாட்டும் எழுதிவிட்டேன். மற்றவர்களிடம் முந்தின நாளே சொன்னவன், மேரியிடம் திரை தூக்குவதற்குச் சற்று முன்புதான் காகிதத்தை நீட்டினேன். படித்தார். "எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். தமக்குத் தெரிந்த கோயில் மெட்டொன்றில் அதைப் பொருத்தி, பிசிறில்லாமல் பாடினார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. அவருக்கு அப்போதே காய்ச்சல் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாகவே இல்லை.

"நல்லா தட்டினாங்க இல்ல?"

"ஆமாம்மா."

"அவள மறுபடியும் அந்த வூட்டுக்கே அனுப்பிட்டமே அண்ணே?"

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. பார்க்கப் போக வேண்டும் என்று இரண்டு வாரமும் நினைத்தேன், ஓ.டி. இருந்தது, அசதி இருந்தது. போனது அடக்கத்துக்குத்தான்.

மணிமங்கலத்தில் ஒத்துக்கொண்ட நாடகத்தை நாவலின் முடிவோடுதான் நடத்தப்போகிறோம். மேரியின் இடத்தில் வேறொருவர் பாடுவார். அதனால் எதுவும் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும். அவருடைய மெட்டுகள் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. என்னிடம் மட்டும் இருப்பது அந்தப் பேருந்துப் பயணம். அவர் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.