நான் தேர்ந்தெடுத்த சைக்கிள்

“உனக்குப் பிடித்ததைச் சொல்” என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். ஐஸ்கிரீம் கடையில் கேட்டாலும் வரும், துணிக்கடையில் கேட்டாலும் வரும். எதற்குக் கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். இந்தக் கெட்ட குணத்தை எனக்குத் தந்தவர் என் தாய்மாமா. நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அவர் கட்டிய ஒரு சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில் கூவப்பாடத்துப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பாவுக்குக் காய்கறி வியாபாரம், சரக்கு ஏற்ற சொந்தமாக ஒரு பெட்டி ஆட்டோவும் உண்டு. ஆனால் வீட்டில் சட்டம் போடுவது அம்மாவின் அக்காவான பெரியம்மா. பெற்றவர்கள் போனபிறகு அம்மாவையும் மாமாவையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதை ஒரு வாரத்தில் இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டுவார். மாமா பக்கத்திலேயே ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தார். அப்போது கல்லூரிப் பையன்களுக்கு ஃபிக்ஸி பைத்தியம் பிடித்திருந்தது. கியர் கூடாது, மட்கார்டு கூடாது, கேரியர் கூடாது. பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை ஓய்வாக வைக்க முடியாது. பழைய சைக்கிள்களைக் கொண்டுவந்து போட்டு, இருப்பதையெல்லாம் கழற்றித் தள்ளச் சொல்வார்கள். மாமாவுக்கு அதில் நல்ல கைராசி.

ஒருநாள் அவர் துருப்பிடித்த ஃபிரேம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹோம்ஸ்டேயில் தங்கிப்போன வெள்ளைக்காரர் யாரோ விட்டுவிட்டுப் போனது. பெயின்டைச் சுரண்டிக்கொண்டே, “மோளே, இதுக்கு என்ன நிறம் அடிக்கலாம்? உனக்குப் பிடிச்சதச் சொல்லு” என்றார்.

மாங்காய்ப் பச்சை என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அதன் பிறகு சம்பளம் வாங்கும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வந்தது. வாங்குவதற்கு முன்னால் ஃபோனில் படங்களைக் காட்டி என் முடிவைக் கேட்பார். ஹேண்டில்பார் மாட்டுக்கொம்பு மாதிரி முன்பக்கம் வளைந்திருக்க வேண்டும் என்றேன். வந்தது. முன்சக்கரம் வெள்ளை, பின்சக்கரம் ஆரஞ்சு என்றேன். “ரெண்டும் ரெண்டு நிறமா? கொள்ளாமே, நல்லாருக்கே!” என்று சிரித்தார். அதுவும் வந்தது. செயின் தங்க நிறத்தில் வேண்டுமென்று அழாத குறையாகக் கேட்டேன். ஊர் முழுக்கத் தேடி, கடைசியில் எர்ணாகுளத்தில் எங்கோ பிடித்துவந்தார். செய்தித்தாளில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார். ராத்திரி குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

எனக்குத் தெரிந்து இரண்டே விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஃபிக்ஸி வீடியோவில் பார்த்ததுபோல் பிரேக்கே கூடாது என்று சொல்லியிருந்தேன். முன்சக்கரத்துக்கு ஒன்று வைத்தே தீருவேன் என்றார். பின்சக்கரத்தில் சின்னப் பல்சக்கரம் போட்டால் வேகமாகப் போகும் என்று கடையில் பையன்கள் பேசுவதைக் கேட்டிருந்தேன். அவர் பெரியதைப் போட்டார். “பாலம் ஏறணும்ல குட்டி, கால் கடையும்” என்றார். எந்தப் பாலம்? என்னைப் படகுத்துறை வரைக்கும்கூட அம்மா தனியாக விடமாட்டாள். பெரியவர்கள் இப்படித்தான் தேவையில்லாமல் பயப்படுவார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஃபிரேம் என் உயரத்துக்குப் பெரியது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் என் அளவுக்கு எந்தப் பொருள் வந்திருக்கிறது? யூனிஃபார்ம் பாவாடையை மூன்று மடிப்பு மடித்துத் தைத்திருந்தார்கள். செருப்பின் பின்பக்கம் விரல் நுழையும். அம்மாவே ஒருமுறை, “இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சைக்கிளா?” என்றபோது, பெரியம்மா, “வளர்ற பிள்ளைதானே” என்று முடித்துவிட்டார். அப்போது மாமா பக்கத்தில்தான் ஸ்போக்ஸ் கம்பி துடைத்துக்கொண்டிருந்தார். என் சைக்கிள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. ஆருக்குடா இது என்று பெரியம்மா நேராகவே ஒருதரம் கேட்டதற்கும், “குட்டிட்ட கேளுங்க, அவளல்லே எல்லாம் பாத்துப்பாத்து செலக்ட் பண்றா” என்று நழுவினார். இதற்குப் பெயர் பொய் இல்லையென்றால் வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

பாகங்களை ஒருநாள் கடைக்கு எடுத்துப்போனார். பூட்டி முடித்துக் கொண்டுவருவார் என்று வாசலிலேயே காத்திருந்தேன். வரவில்லை. கேட்டால் பேரிங் சரியில்லை, டியூப் சரியில்லை என்று எதையாவது சொன்னார். அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, தோசைமாவு வாங்கிக்கொண்டு திரும்பியவள் தெருமுனையில் அதைப் பார்த்தேன். மாங்காய்ப் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு, வெயிலில் மின்னும் தங்கச் செயின். மேலே ஒரு சேச்சி உட்கார்ந்து, பெடலில் காலை அசைக்காமல் வைத்தபடி வழுக்கிக்கொண்டு போனாள். கால் அசையவில்லை! அப்படியென்றால் பெடலும் சேர்ந்து சுற்றுகிற, நான் கேட்ட ஃபிக்ஸடும் போடவில்லை, சாதா ஃப்ரீவீலைத்தான் போட்டிருக்கிறார். கோபத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. மாவுத் தூக்கோடு பின்னால் ஓடினேன்.

“அது என் சைக்கிள்! இறங்கு!”

அவள் பிரேக் பிடித்து நின்றாள். கோபப்படவில்லை, சிரித்தாள். “நிறமெல்லாம் செலக்ட் செய்த மோள் நீயல்லே?” என்று கேட்டாள். என்னைத் தெரிந்திருக்கிறது! மாமா என் விருப்பத்தையெல்லாம் அவளிடம் ஒப்பித்திருக்கிறார்! “ஜோலி வைட்டிலாயிலாணு. தெவசமும் பாலம் கடந்து போகணும். பஸ்ஸில் நின்னு நின்னு மடுத்து. நல்ல நிறமாணு, கேட்டோ” என்றாள். வேலைக்குத் தினமும் பாலம் தாண்டிப் போகவேண்டுமாம், பஸ்ஸில் நின்று நின்று அலுத்துவிட்டதாம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இடக்கொச்சியில் சர்ச்சின்டெ பின்னிலாணு வீடு. ஒரு தெவசம் வா, ஓட்டிக்கோ” என்றாள். என் சைக்கிளை நான் ஓட்ட அவள் அனுமதி கொடுக்கிறாள். மாவு பாதி கொட்டியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஊரைக் கூட்டிவிட்டேன். மாமா என் சைக்கிளை ஒரு சேச்சிக்குக் கொடுத்துவிட்டார் என்று கத்தினேன். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியம்மா மட்டும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தடவி, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எந்த சேச்சி? எங்க வீடு?”

“இடக்கொச்சி. சர்ச்சுக்குப் பின்னாடி.”

“கழுத்துல என்ன போட்டிருந்தா?”

“செயின். சின்னதா ஒரு குருசு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் அதுவரை கேட்டதில்லை. என் பக்க நியாயத்துக்குச் சாட்சி சேர்க்கிறார்கள் என்று நினைத்து, அவள் போட்டிருந்த சுடிதாரின் நிறம்வரை சொன்னேன். “மாமாட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, நாம போயி வாங்கிட்டு வந்துருவோம்” என்றார் பெரியம்மா.

மறுநாள் பெட்டி ஆட்டோவில் போனோம். அப்பா ஓட்டினார், நான் பெரியம்மாவின் மடியில் இருந்தேன். அந்த வீட்டில் சேச்சியின் அப்பாவும் அம்மாவும் எங்களை உட்காரச் சொல்லி சாயா கொடுத்தார்கள். பெரியம்மா என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். குழந்தை ராத்திரியெல்லாம் அழுகை, ஆசைப்பட்டுப் பொறுக்கிய சைக்கிள், தம்பிக்கு விவரம் போதாது, யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று மலையாளத்தில் பவ்யமாகச் சொன்னார். சேச்சியின் அப்பா சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “மற்றவருடெ சாதனம் இந்த வீட்டில் வேண்டா” என்றார். சைக்கிள் எவ்வளவு உறுதி, இரும்பு நல்ல இரும்பு, குழந்தைக்குச் சற்றுப் பெரிதுதான் என்று அதன் பிறகும் இரு பக்கமும் சைக்கிளைப் பற்றியே பேசினார்கள். மாமாவின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சேச்சியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, துப்பட்டாவால் ஹேண்டிலைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அழட்டும் என்று நினைத்தேன். நானும் அதற்காக அழுதவள்தானே.

இன்று அந்தச் சாயாவை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பெண் வேண்டாம் என்று மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்ல மாமாவுக்கும் தைரியம் இல்லை. முதலில் அவர் என்னைக் காட்டிப் பிழைத்துக்கொண்டார், பிறகு அவர்கள் என்னைக் காட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். யாராவது கேட்டால், சைக்கிளைத்தானே வாங்கிவந்தோம் என்று பெரியம்மா இன்றும் சொல்வார். நான் வாயாடி என்பதால்தான் மாமாவின் கல்யாணம் நடக்கவில்லை என்று சொந்தத்தில் ஒருத்தி சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். என்னை ஏமாற்றியதற்கு நான் கத்தினேன். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

சைக்கிளை வாங்கிவந்த அன்று மாமா வீட்டுக்கு வந்தபோது அது வாசலில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். “பிள்ளையோடது பிள்ளைக்கு வந்தாச்சு” என்றார் பெரியம்மா. மாமா சட்டையைக் கழற்றாமலே ஸ்பானரை எடுத்துவந்து சீட்டைக் கீழே இறக்கினார். நான் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தேன். பின்சக்கரத்தின் மறுபக்கத்தில் ஃபிக்ஸட் பல்சக்கரமும் இருந்தது; சக்கரத்தைத் திருப்பிப் போட்டு நான் கேட்டபடி மாற்றச் சொன்னேன். அதையும் மாற்றினார். அவருக்கு நன்றாக வேண்டும் என்று இருந்தது.

அடுத்த வாரம் ஏலூரில் ஒரு கம்பெனியில் கான்டிராக்ட் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கேயே அறை எடுத்துத் தங்கப்போவதாகவும் சொன்னார். ஏலூர் ஒன்றும் வெளிநாடு இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எனக்குத் திடீரென்று பெரிய கவலை வந்தது.

“மாமா, டயருக்குக் காத்து ஆரு அடிப்பா?”

அவர் நின்றார். உள்ளே போய்ப் பம்பை எடுத்துவந்தார். பையை இறக்காமலே மண்டியிட்டு, வால்வு மூடியை எப்படிக் கழற்றுவது, பம்பை எந்தக் காலால் மிதித்துக்கொள்வது என்று காட்டினார். என் கையின் மேல் அவர் கையை வைத்து அழுத்தினார். “பஸ் போயிரும்டா” என்று உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். அவர் எழுந்திருக்கவில்லை. டயரை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது. தப்பு செய்தவர்தான், ஆனால் போதும் என்று தோன்றியது. அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

“சாரமில்ல மாமா, போகட்டும்” என்றேன், பெரிய மனசோடு. “அதான் திருப்பி வாங்கியாச்சே.”