எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் வீட்டுக்கும் எதிரே இருந்த பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்வதை மற்றவரிடம் சொல்ல வேண்டும். தெரு ஒரு டிராக்டர் போகும் அகலம்தான். அவர் பேசுவது அம்மாவுக்கும், அம்மா பேசுவது அவருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவர் “உங்கம்மாகிட்ட சொல்லு” என்று தொடங்குவார். அம்மா “உங்க பெரிப்பாகிட்ட சொல்லு” என்று முடிப்பாள். நான் திரும்பச் சொல்லும்வரை இருவரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். எங்கள் ஏம்பலம் பக்கத்தில் தம்பி மனைவியோடு நேராகப் பேசாத மூத்தார்கள் பலர் உண்டு. ஊர் இதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டது.

அது மரியாதை இல்லை. என் அண்ணன் செத்ததிலிருந்துதான் அப்படி.

அப்போது எனக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. என்னைப் பொறுத்தவரை அண்ணன் என்பவன் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு படம். வாரிய தலை, பள்ளிக்கூடச் சட்டை. ஐந்து வயதில் போடவேண்டிய ஊசியை அம்மா அவனைக் கூட்டிப்போய்ப் போட்டு வந்தாள். மறுநாள் காலை சேதராப்பட்டு அட்டைப்பெட்டி கம்பெனிக்கு, ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள். கம்பெனி வேன் அவளை இறக்கிவிட்டபோது அண்ணன் காய்ச்சலில் கிடந்தான். நிலைமை மோசமான இரவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பின்னால் உட்கார, பெரியப்பாதான் தன் மொபெட்டை எடுத்தார். வண்டியில் பெட்ரோல் இல்லை. தெருவில் கதவு கதவாகத் தட்டி, ஒரு பாட்டிலில் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை; பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். செய்தித்தாளில் மர்மக் காய்ச்சல் என்று வந்ததாம். பின்னாளில் நானும் செய்தித்தாள் வேலைக்குப் போய் அந்தச் சொல்லைப் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். விசாரிக்க நேரமில்லை என்பதை வாசகருக்குத் தெரிவிக்கும் நாகரிகமான வழி அது.

பெரியப்பாவுக்கு டெங்குவும் இல்லை, மர்மமும் இல்லை. “நல்லா ஓடிக்கினு இருந்த புள்ள. ஊசி போட்டாங்க, படுத்தான்.” அவ்வளவுதான். ஊசி போட்ட மறுநாளே பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் என்பது அதற்குப் பின்னிணைப்பு. அதன் பிறகு என் கையில் எந்த ஊசியும் ஏறவில்லை. அங்கன்வாடியிலிருந்து யாராவது கேட்டு வந்தால் எதிர் வீட்டு வாசலிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். அப்பா நல்லவர். இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார்.

எனக்கு எட்டு நடக்கும்போது ஊருக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பிள்ளைகளுக்கு என்னென்ன தொற்று வந்து போயிருக்கிறது, அது உடம்பில் என்ன அடையாளம் விட்டிருக்கிறது, தடுப்பூசி விட்ட அடையாளம் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், சில மாதம் கழித்து இன்னொரு தடவை. கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு பென்சில் டப்பா.

அம்மா ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், என்னைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். பெரியப்பா அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“உங்கம்மாவைக் கேளு. ஒரு புள்ளையைக் குத்தி அனுப்பியாச்சு, இதையும் குத்தி அனுப்பணுமான்னு கேளு.”

நான் தெருவைக் கடந்து அப்படியே கேட்டேன். என் வேலையில் நான் ஒரு சொல்லைக்கூட விடுவதில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு, “இது ஏத்துற ஊசி இல்ல, எடுக்குற ஊசின்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ரத்தம் எடுத்தபோது நான் அழவில்லை. என் வகுப்புப் பையன் ஒருவன் ஊசியைப் பார்த்ததுமே பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். அவனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். நான் கையை நீட்டி, ரத்தம் குழாயில் ஏறுவதை வேடிக்கை பார்த்தேன். இதை ஊர் முழுக்கச் சொன்னேன்.

மழைக்காலம் முடிந்து அவர்கள் ஐஸ் பெட்டியோடு திரும்ப வந்தார்கள். அந்தக் குழுவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பையனிடம் அம்மா கேட்டாள்: “மொதல்ல எடுத்துட்டுப் போனீங்களே, அதுல இன்னா இருந்துச்சு?”

“அது ஆராய்ச்சிக்கு எடுத்ததும்மா. தனித்தனியா யாருக்கும் சொல்றதில்ல.”

“மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவரு கூட இன்னா நோவுன்னு சொல்லிட்டுத்தான் போறாரு.”

“நாங்க வைத்தியம் பாக்க வரலம்மா.”

“தெரியுது. சொல்லாம இந்தக் கையைத் தொடக்கூடாது.”

அந்தப் பையன் நல்ல மாதிரி. பெரிய டாக்டரிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். எனக்குத்தான் வருத்தம். இரண்டாவது தடவைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் தருவதாகப் பேச்சு.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. அதிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா இறங்கினார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே கொண்டுவந்து வாசலிலேயே போட்டாள். எதிரே பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ளே போய்ப் பேசலாமே. இதெல்லாம் உங்க பொண்ணைப் பத்தின விஷயம். நாலு பேர் கேட்கிற மாதிரி நான் சொல்லக்கூடாது” என்றார் டாக்டரம்மா.

“நாலு பேருக்குக் கேக்கணும்னுதான் இங்க உக்கார வெச்சேன்.”

அப்பா, “உள்ள வாங்களேன், காபி…” என்று ஆரம்பித்தார்.

“காபி வெளியவே வரும்” என்றாள் அம்மா.

டாக்டரம்மா ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“உங்க பொண்ணுக்கு டெங்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கு. அதோட அடையாளம் ரத்தத்துல இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பெரியப்பாவின் மாடு மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. அவர் வாளியைப் பிடித்தபடி நின்றார்.

“எப்ப வந்துச்சுன்னு இதை வெச்சு சொல்ல முடியாதும்மா. போன வருஷமா இருக்கலாம், அதுக்கு முன்னாலயும் இருக்கலாம். சில பிள்ளைங்களுக்கு வந்ததே தெரியாது.”

“எனக்குத் தெரியும். இவ அண்ணன் கெடந்த வாரம் இவளுக்கும் ரெண்டு நாள் மேலு சுட்டுச்சு. யாரும் பாக்கல. பாக்கற நெலமையில யாரும் இல்ல.” அம்மா திரும்பினாள். என்னைத் தேடவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மேலாகத் தெருவைத் தாண்டிப் பேசினாள். “மாமா, இவளுக்கு அப்ப ஊசி போடல. இவளுக்கும் வந்திருக்கு. ஊசியா கொண்டாந்துச்சு?”

பெரியப்பா அவள் பக்கம் திரும்பாமல் என்னைக் கூப்பிட்டார். அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

“அந்த டாக்டரம்மாவைக் கேளு. ஒரே வூடு, ஒரே கொசு, ஒரே சோறு. இது நின்னுச்சு. அவன் ஏன் போனான்?”

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“தெரியலை” என்றார். “ஒரே கிருமி ஒரு உடம்பில வந்ததே தெரியாம போகுது, இன்னொரு உடம்பை எடுத்துக்குது. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வீடு வீடா வந்து கேட்கிறோம்.”

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டரை அன்றுதான் எங்கள் தெரு பார்த்தது. பெரியப்பா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு நின்றார். அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, என் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு, “எடுத்துக்குங்க” என்றாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். தட்டம்மைக்கான எதிர்ப்பு என் ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கிறதாம். இரண்டாவது ஊசி போடவில்லையா என்று கேட்டார். “போடல. இனிமே போடுவேன்” என்றாள் அம்மா. இதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் பள்ளியில், என் ரத்தத்தில் டெங்கு அடையாளம் இருக்கிறது, உங்கள் யாருக்கும் இல்லை என்று அறிவித்தேன். பெஞ்சுக்கு அடியில் போன பையன் தனக்கும் இருப்பதாகச் சொன்னான். நான் நம்பவில்லை.

அந்த வாரமே அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு எனக்குத் தீபாவளிப் பாவாடை சட்டையைப் போட்டுவிட்டாள். சுகாதார நிலையத்துக்குக் கரும்புக் கொல்லை வரப்பில் போனால் பக்கம். நாங்கள் தெரு வழியாக, கடைத்தெருவைச் சுற்றிப் போனோம். பெரியம்மா வாசலில் நின்று, “அம்மைக்கு ஊசி போட்டா மாரியாத்தா கோச்சுக்க மாட்டாளாடி?” என்றாள். “அவளுக்கா போடறோம், இவளுக்குத்தானே” என்றாள் அம்மா, நிற்காமல். அப்பா வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். எங்களோடு வந்தார் என்றும் சொல்லலாம், அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தார் என்றும் சொல்லலாம்.

நர்ஸ் என் பழைய அட்டையைப் பார்த்தார். “அஞ்சு வயசுல போடறதும் இவளுக்கு விட்டுப்போயிருக்கு. அதுக்குப் பதிலா இந்த வயசுக்கு உள்ளதை இன்னொரு கையில போட்டுரலாமா?”

அண்ணனுக்குப் போட்டது அந்த ஐந்து வயது ஊசிதான். அம்மா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஒரே நாளில் இரண்டு ஊசி என்பது வகுப்பில் யாராலும் முறியடிக்க முடியாத சாதனை.

“போடுங்க” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அதே பிளாஸ்டிக் நாற்காலி வாசலுக்கு வந்தது. அம்மா அதில் உட்கார்ந்து என்னைத் தன் முன்னால் உட்காரவைத்துக்கொண்டாள். விளையாடப் போகக் கூடாது. உள்ளே போய்ப் படுக்கவும் கூடாது. வாசலில் சாப்பாடு, வாசலில் பிஸ்கட், வாசலில் பாடம். வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். வெயில் ஏற ஏற நாற்காலியை நகர்த்தினாளே தவிர, உள்ளே போகவில்லை. அம்மா பந்தயம் கட்டியிருக்கிறாள், நான்தான் அவள் பக்கத்து ஆட்டக்காரி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

எதிர் வீட்டில் பெரியப்பாவும் இருந்தார். கரும்பை வெட்டலாம் என்று சர்க்கரை ஆலையிலிருந்து அவருக்குக் கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. மாதக்கணக்கில் அதற்காக அலைந்திருந்தார். வெட்டு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பிறகு கேனிலிருந்து மொபெட்டுக்குப் பெட்ரோல் ஊற்றி, அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி, சாவியோடு நிறுத்தினார். கரும்புக் கொல்லைக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

இரண்டாம் நாள் மதியம் என் உடம்பு சுட்டது. அம்மா உள்ளங்கையை என் நெற்றியிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கை ஈரமாக இருந்தது. வெயிலில் வேர்க்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பெரியப்பா தெருவுக்கு வந்து நின்றார்.

“உங்கம்மாவைக் கேளு. சுடுதா?”

“சுடுதுன்னு சொல்லு” என்றாள் அம்மா. “நாளைக்கு சுடாதுன்னும் சொல்லு.”

சொன்னேன். அவர் நகரவில்லை.

“உங்கம்மா சாப்ட்டாளான்னு கேளு.”

“சாப்ட்டன்னு சொல்லு.”

“இல்ல பெரிப்பா, சாப்புடல” என்றேன். வேலையில் நான் செய்த ஒரே திருத்தம் அது. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து நாற்காலிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதைத் தொடவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. அம்மா என்னை வாசலுக்கு இழுத்துவந்து, “எதிர்ல பாத்து சொல்லு” என்றாள். “சுடல பெரிப்பா” என்று கத்தினேன். அவர் தெருவைக் கடந்து வந்து, தன் புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப்போய், வெட்டுக் கத்தியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார். நடந்தே போனார்.

மொபெட் நிறைந்த பெட்ரோலோடு, சாவியும் தொங்க, தெருவைப் பார்த்து அங்கேயே நின்றது. வண்டி இருக்க இவர் ஏன் இவ்வளவு தூரம் நடந்து போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. தோற்றுப்போனவர்கள் நடந்துதான் போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விளையாட ஓடினேன்.