உர்சுலா அக்கா கேட்ட சட்டை

உர்சுலா அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் நான் அவர் கழுத்திலிருந்துதான் தொடங்குவேன். அவருடைய எந்தச் சட்டையிலும் கழுத்துக்குப் பின்னால் லேபிள் இருக்காது. வாங்கி வந்த அன்றே நகவெட்டியால் தையலைப் பிரித்து எடுத்துவிடுவார். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படிதான் போடுவார். தையல் விரலில் உரசுமாம். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் பட்டில் ஜரிகை குத்துகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, சாதாரண பருத்தி வாயில் சேலையில் தேவாலயத்துக்குள் நடந்தவர் அவர். மாமியார் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவங்க பேசல, ஆனா எனக்கு அரிக்கல லா" என்பார்.

பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். கிரிகரி அண்ணனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் முப்பத்தொரு வருடமாகக் கிளார்க் வேலை. ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஓட வந்தார். முதல் நாள் தெருவோரம் இரண்டு லாம்புக் கம்பத்துக்கு நடுவே ஓடிவிட்டு, நடைபாதையில் உட்கார்ந்து, "இன்னிக்கு இவ்வளவுதான், நாளைக்கு மூனு கம்பம்" என்றார். சொன்னபடியே மறுநாள் மூன்று கம்பம் ஓடினார்.

நான் மீனலோசனி. பதின்மூன்று பெண்கள் சேர்ந்த எங்கள் ஓட்டக் குழுவுக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை; நானே ஆகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, எல்லோரும் என்ன கலரில் வரவேண்டும் என்று நான்தான் சொல்வேன். அரசாங்க ஆடிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா முத்துக்குமாரு, என் அண்ணன் மகள் கல்யாணத்தில் ரோஸ் கலர் ஜிப்பாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் போட்டோ பிரமாதமாக வந்தது.

சென்ற ஆண்டு கிள்ளானில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் குழுவாகப் பெயர் கொடுத்தோம். உர்சுலா அக்காவுக்கு அதுதான் முதல் பத்து. எட்டு மாதம் அதற்காகவே பயிற்சி எடுத்தார். கிரிகரி அண்ணன் முடிவுக்கோட்டில் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் அட்டையில் அக்கா பெயரை எழுதி வைத்துவிட்டார். அக்காவுக்கு இருந்த ஒரே தொல்லை சட்டைதான். கிரிகரி அண்ணனின் பழைய பருத்தி டி-சர்ட்டில் ஓடுவார். ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் அது சொர்க்கம். எட்டைத் தொடும்போது வியர்வையில் நனைந்து, ஈரச் சாக்கு மாதிரி கனத்து, கழுத்தடியில் தோலை உரித்துவிடும். ஆனால் உடம்பைப் பிடிக்கும் ஓட்டச் சட்டைகள் அவருக்கு ஆகாது. மூச்சு முட்டுகிறது என்பார்.

குழுச் சட்டைக்கு அளவும் வெட்டும் கேட்டு வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டேன். கலர் கத்திரிப்பூ, அதை யாரிடமும் கேட்கவில்லை. வெட்டில் நம் ஊர் வழக்கப்படி மூன்று வகை: கையில்லாதது, அரைக்கை, முஸ்லிமா. முதல் இரண்டும் உடம்பைப் பிடிக்கும். கடைசி வகைக்கு முழுக்கை இருக்கும், தொளதொளவென்று இடுப்புக்குக் கீழே இறங்கும். நம் மலாய்த் தோழிகள் போட்டு ஓடுவார்களே, அதுதான்.

உர்சுலா அக்கா தன் பெயருக்கு நேராக 'முஸ்லிமா' என்று போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாரம் தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்க அக்கா, விரல் தவறி அழுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆளா? நானே அதை அழித்துவிட்டு, 'கையில்லாதது' என்று மாற்றி அச்சடிக்கும் கடைக்கு அனுப்பினேன். போட்டோவில் ஒரே மாதிரி இருக்குமே என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, பயிற்சி முடிந்து கோப்பிக் கடையில் சட்டைகளைக் கொடுத்தேன். அக்கா ஆசையாக வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கிரிகரி அண்ணனின் பழைய டி-சர்ட்டில்தான் இருந்தார். புதியது மடித்தபடி கையில் இருந்தது.

"மீனா, நான் வேற கட்டிங் கேட்டேன். இது எனக்கு ஆவாது. நாளைக்கு நான் வரலம்மா."

"ஐயோ அக்கா, கடக்காரன் தப்பு பண்ணிட்டான் போல!" என்றேன். வாய் கூசவில்லை எனக்கு. "அண்ணன் சட்டையிலயே ஓடுங்களேன்."

"எட்டு கிலோமீட்டருக்கே தோல் உரிஞ்சி போச்சு. பத்துக்கு எங்க? உங்க கலரும் கெட்டுப்போயிடும். நீங்க போங்க, நான் ஓரமா நின்னு கை தட்டுறேன்." பிறகு, "பாவம், கடக்காரன ஏசாத" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டேன், இறங்கவில்லை. எட்டு மாதம் கம்பம் கம்பமாக எண்ணி ஓடிய மனுஷி, நாளை ஓரத்தில் நின்று எனக்குக் கை தட்டப்போகிறார். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. காரை எடுத்துக்கொண்டு கிள்ளானில் விளையாட்டு உடை விற்கிற கடைகளாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் முஸ்லிமா வெட்டில் அவர் அளவுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. கிளிப்பச்சை. கத்திரிப்பூவுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் கண் கூசும். வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கேட்டில் நின்றேன். அக்கா மாலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கடக்காரன் ஒன்னும் பண்ணல. நீங்க தெரியாம அழுத்திட்டீங்கனு நெனச்சி நான்தான் மாத்தினேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"எனக்கு கோவம்தான் மீனா. இல்லனு சொல்லமாட்டேன்."

நான் பையை நீட்டினேன். அவர் முதலில் கழுத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் இரண்டு சுற்று ஓடினார். நாற்காலியில் இருந்த கிரிகரி அண்ணன் காலை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன்க்கா இந்த கட்டிங்? வெயிலுக்கா? இல்ல, இடுப்பு தெரியக் கூடாதுனு கூச்சமா?"

"கூச்சமா? மூனு புள்ள பெத்தவளுக்கு என்ன கூச்சம்? என் ஆபிஸ்ல இருக்கிற மலாய்த் தோழி ஸைத்தோனோட சட்டைய ஒரு நாள் போட்டுப் பாத்தேன். கீழ இருந்து காத்து வருது மீனா, கழுத்து வழியா போவுது. அவ்வளவுதான். எனக்குப் புடிச்சிருக்கு."

அவ்வளவுதானாம்! நான் அதற்குள் ஒரு பெரிய காரணமே தேடிவிட்டேன்.

"நாளைக்கு ஓடுவீங்களா?" என்று கேட்டேன்.

"நீ நகருடி, பூசைக்கு நேரமாச்சு" என்றார். ஒரு கையில் கழற்றிய சட்டையும் மறு கையில் நகவெட்டியும் இருந்தன. லேபிளை வழியிலேயே பிரித்திருப்பார்.

மறுநாள் காலை பன்னிரண்டு கத்திரிப்பூவும் ஒரு கிளிப்பச்சையுமாகக் கிளம்பினோம். நாலாவது கிலோமீட்டரில் என் அக்குள் எரிய ஆரம்பித்தது. ஆறாவதில், இறுக்கிப் பிடிக்கும் என்று நான் பெருமையாக வாங்கிய கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவத் தொடங்கியது. ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டே ஓடினேன். கிளிப்பச்சை எனக்கு முன்னால் படபடத்துக்கொண்டு போனது. ஏழாவதுக்குப் பிறகு அதைக் காணவே இல்லை.

நான் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது அக்கா பதக்கம் மாட்டி, பாதித் தர்பூசணி தின்று முடித்திருந்தார். கிரிகரி அண்ணன் அந்த அட்டையை இன்னும் தலைக்கு மேலே பிடித்திருந்தார். இறக்க மனமில்லை போலும். எங்கள் பெண்களெல்லாம் சுற்றி நின்று கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மலாய்ப் பெண்மணி வந்து, சட்டை அழகாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். "என் தோழி வாங்கிக் கொடுத்தாள். எனக்காக ஊரெல்லாம் தேடி அலைந்தாள்" என்று மலாயில் சொன்னார்.

பாதியை மட்டும் சொல்கிறார். மீதிப் பாதியை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டார். கடைக்காரன்தான் தப்புச் செய்தான் என்று எங்கள் பெண்கள் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"கடக்காரன் மேல தப்பே இல்ல. அக்கா சரியாத்தான் எழுதினாங்க. அவங்கள கேக்காம நான்தான் மாத்தினேன்."

என் ஒன்றுவிட்ட தங்கை லோஜினி, காலையிலிருந்து தன் சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ நான் லிஸ்ட்ல போட்ட எக்ஸ்எல், எல் ஆனதும் உன் வேலதானா அக்கா?"