வேலை இல்லை என்று காட்டுகிற வேலை

வேலை இல்லை என்று ஒரு அரசாங்கக் கந்தோரை நம்பவைப்பதைப்போல மெனக்கெட்ட வேலை வேறொன்றும் இல்லை. நீங்களும் அங்கே வரிசையில் நின்றவர் என்றால் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், சரக்கு லொறிகளைத் தராசில் ஏற்றி நிறை பார்ப்பது என் வேலை. ஒரு நாள் கம்பனியையே மூடிவிட்டார்கள். அப்போது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். வேலை போனவர்களுக்குச் சில மாதம் உதவிப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது கிடைத்தால் ஊரிலேயே இருந்து வேறு வேலை தேடலாம். கிடைக்காவிட்டால் கட்டார் நாட்டு வேலைதான்; வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் என் பாஸ்போட்டை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பம் இருக்கவில்லை.

அயர்ன் பண்ணிய சேட்டு

கந்தோருக்கு முதன்முதல் போன அன்று, கலியாணத்துக்கு வாங்கிய சேட்டை அயர்ன் பண்ணித் தந்தாள் என் மனைவி மைதிலி. பொக்கெற்றில் ஒரு பேனையும் குத்திவிட்டாள். அதுதான் வினையாகிப் போனது. கவுண்டரில் இருந்த மிஸ் என்னைக் கண்டதும் எழும்பி, உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணியும் வரவழைத்தார். இவ்வளவு மரியாதை வேலையில் இருந்த காலத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பாதிக் கோப்பை முடிந்த பிறகு, கந்தோர்க் கணக்கைச் சோதிக்கவா வந்திருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, உதவிப் பணத்துக்குப் பதிய வந்தேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை, நல்ல மனுசி. "அவசரப்படாதீங்கோ, தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுப் போய் லைன்ல நில்லுங்கோ" என்றார்.

வீட்டில் இல்லாத ஆள்

பதிந்தால் மட்டும் போதாது. நான் உண்மையிலேயே சும்மா இருக்கிறேனா என்று கிராமத்துக்குப் பொறுப்பான அதிகாரி, விதானையார், வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒருவனுக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்தால் எங்கள் அன்புவழிபுரத்தில் யாரும் அவனைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். விதானையார் முதல்முறை வந்தபோது நான் பக்கத்து வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். அடுத்தமுறை, முன்வீட்டு அக்காவை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தேன். இரண்டுக்கும் ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் அதை யார் நம்புவது? "வேலையில்லாத ஆளை வீட்டில பிடிக்க ஏலாமல் கிடக்குதே, பிள்ளை" என்று மைதிலியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மூன்றாம்முறை வருவார் என்று தெரிந்து, காலையிலிருந்து கதிரையை விட்டு நான் அசையவில்லை. கூப்பிட்டவர்களையெல்லாம் மைதிலி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். விதானையார் வந்தார், என்னைப் பார்த்தார், திருப்தியோடு கையெழுத்தும் போட்டார். வெளியே போனால் அவருடைய மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. என் கை சும்மா இருக்குமா? பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, ஓட வைத்துக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்த மனிதர், "தம்பி, இதை நான் பாக்கேல்ல" என்றார்.

தோணியும் கோழியும்

கந்தோர் வரிசையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பத்து பசீர் நானா. கிண்ணியாக்காரர், எங்கள் கம்பனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வேலை செய்த காலமெல்லாம் இயந்திரச் சத்தத்தில் நாங்கள் கையைக் காட்டித்தான் கதைத்திருக்கிறோம். அவருக்கு இவ்வளவு பகிடி வரும் என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இடியப்பப் பார்சலைப் பிரித்து எனக்கும் ஒரு பங்கு வைப்பார். இப்போது நினைத்தாலும் அந்த ருசி நாக்கில் நிற்கிறது.

நானாவின் விண்ணப்பம் ஒரு தோணியில் தட்டுப்பட்டு நின்றது. அவருடைய பெயரில் பதிந்த தோணி இருப்பதால், தொழில் உள்ளவர் கணக்கில் வருகிறார் என்றார் மிஸ். அடிப்பலகை உடைந்து வீட்டு வளவில் கிடக்கிற தோணி, அதில் கோழிகள்தான் முட்டையிடுகின்றன என்று நானா விளங்கப்படுத்தினார். மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கோழி வளர்ப்பையும் சேர்த்தெல்லோ எழுதோணும், நானா" என்றார்.

ஒரே ஒரு இடம்

எனக்குப் பணம் வந்தது, நானாவுக்கு வரவில்லை. வந்த பணத்தில் அரிசியும் பால்மாவும் வாங்கலாம், அவ்வளவுதான். ஏஜென்சிக்காரர் விடவில்லை. கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, உடனே முடிவு சொல் என்று நெருக்கினார். ஊரில் வேலை கிடைக்கிற அறிகுறியே இல்லை. போகத்தான் வேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நானாவிடம் சொன்னேன்.

அவர் என்னோடு ஏஜென்சிக்கு வந்தார். வந்து, தன்னுடைய ஃபோர்க்லிஃப்ட் லைசன்சை எடுத்து மேசையில் வைத்தார். நான் தடுத்தேன்; இந்த வயதில் அந்த வெயிலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். அழுதும் விட்டேன். அவர் என் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கி என் பொக்கெற்றுக்குள் வைத்தார். "என்ட புள்ளைகள் நடக்கிறத நான் பாத்துட்டன் தம்பி, நீ பாக்கல்ல; நீ இங்க இரி" என்றார்.

இன்று எனக்கு நல்ல வேலை இருக்கிறது, சம்பளமும் ஒழுங்காக வருகிறது. வேலையில்லாத காலத்தில் கிடைத்த மாதிரி ஒரு கூட்டாளிதான் இன்னும் கிடைக்கவில்லை.