கிளச் இல்லாத காரில் கிளிநொச்சிக்கு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு மைல். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 1963 ஆவணியில் நாங்கள் போன காரில் கிளச் இல்லை, ஓட்டியவருக்கு இடது கால் இல்லை. இனிக் கேட்க மாட்டீர்கள்தானே?

ஓட்டியவர் என் கணவர். முப்பதுகளில் செய்த கறுப்பு இங்கிலீஷ் கார் ஒன்றை வைத்து வவுனியாவில் வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருடம் வயலில் டிராக்டர் சில்லு இவரின் இடது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மரக்கால் போட்டு, பொல்லை ஊன்றி நடக்கிறார், கடைக்குப் போகிறார், என்னோடு சண்டையும் பிடிக்கிறார். ஆனால் கிளச்சை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று மரக்காலுக்கு எப்படித் தெரியும்? கார் கொட்டிலுக்குள் நின்றது. இவர் தினமும் அதைத் துடைப்பார், ஏறி உட்கார மாட்டார்.

ஒரு நாள் வெறுத்துப்போய், "நீயே கொண்டுபோ" என்று தன் தம்பி சிவலிங்கத்துக்குச் சொல்லிவிட்டார். சிவலிங்கம் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைக்கிறவர். நல்ல மனுசன்தான், ஆனால் சம்மதித்து ஓம் சொல்வதற்கு அவருக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் காசிம் நானா வந்து குதித்தார். எங்கள் ஊர் மெக்கானிக். கராஜில் அவர் பேசினால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். ஓமந்தைப் பக்கம் மரத்தோடு மோதிச் சப்பளிந்த ஒரு பெரிய அமெரிக்கக் காரை உதிரிப்பாகங்களுக்காக வாங்கியிருந்தார். அதில் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ், புத்தம் புதுசு மாதிரி.

"தம்பி, இதில கிளச்சே இல்லை. வலது காலால மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும். உங்கட காருக்கு நான் பூட்டித் தாறன்" என்று இவரிடம் சொன்னார். அந்த 'விட்டா நிக்கும்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

பூட்டுவது லேசாக நடக்கவில்லை. அமெரிக்கக் கியர்ப்பெட்டி பருத்தது, எங்கள் காரின் வயிறு ஒடுங்கியது. தரைத் தகட்டை வெட்டினார். பின்சில்லுக்குப் போகும் தண்டைக் குறுக்கினார். பழைய எஞ்சினையும் புதிய பெட்டியையும் சேர்க்க ஒரு தடித்த இரும்புத் தகட்டில் துளை போட்டார். துளை ஒத்துவரவில்லை. தன்னையே திட்டிவிட்டு மறுபடி போட்டார். கிளச் மிதி இருந்த இடத்தை மூடி, அமெரிக்கக் காரின் அகலமான பிரேக் மிதியைப் பொருத்தினார். கைப்பிரேக் மட்டும் பழையதுதான். "அது கிடக்கட்டும்" என்றார் நானா.

விஷயம் கிளிநொச்சிக்கு எட்டியது. சிவலிங்கம் பஸ் ஏறி வந்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை தானே ஓட்டிக்கொண்டு என்ர வீட்டுப் படலைக்கு வரட்டும். வேற ஆரின்ர கையும் ஸ்ரியறிங்கில படாமல் வந்தால் கார் அண்ணைக்கு. பட்டால் எனக்கு. சரியோ?"

"சரி" என்றார் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே!

காலை ஆறரைக்கு நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். இவர் ஸ்ரியறிங்கில், நான் பக்கத்தில், ஏதும் கழன்றால் பூட்டுவதற்குக் காசிம் நானா பின்சீட்டில். கியர் மாறுகிற இடத்தில் இவருடைய கை பழக்கத்தில் எழும்பியது. அதற்குள் கார் தானாகவே மாறிக்கொண்டு போனது. "ஆகா! இஞ்சேர், கண்டனியே? தானா மாறுது!" என்று கத்தினார். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. கத்தினேன்.

ஓமந்தை, புளியங்குளம். இரண்டு பக்கமும் பாலை மரமும் முதிரை மரமுமாகக் காடு, நடுவே தார் றோட்டு. கனகராயன்குளம் தாண்டியதும் முன்னால் போன பஸ்ஸை முந்தினார். அதுவும் கை காட்டிவிட்டு, பெரிய துரை மாதிரி! மாங்குளம் இருபத்தேழாவது மைல். அங்கே பிளேன்டீ குடித்து, ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றினோம். நானா தன் வேலையில் திருப்திப்பட்டு, மாங்குளம் கழிந்ததும் குறட்டை விடத் தொடங்கினார்.

இனி முறிகண்டி. இந்த றோட்டில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். டிரைவர்மார் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பிறகு கைபிடி போட்டுச் சுழற்ற வேண்டும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குவது, கற்பூரம் கொளுத்தித் தேங்காயை அடிப்பது, ஏறிப் போவது, அவ்வளவுதான். இவரும் இத்தனை வருடப் பழக்கத்தில் அதையே செய்தார். பழைய பெட்டியென்றால், கியரைக் கழற்றாமல் கிளச்சை விட்டால் எஞ்சின் குலுங்கி நின்றுவிடும். புதுப் பெட்டி அப்படி ஒன்றும் ஞாபகப்படுத்தவில்லை. கியர்ப்பிடி ஓடுகிற 'D' எழுத்திலேயே கிடந்தது.

நான் நிலக்கடலை விற்கிற கச்சான்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இவர் தேங்காயை ஓங்குகிறார். பழைய கைப்பிரேக் 'டக்' என்றது. கார் தன்பாட்டில் நடக்கத் தொடங்கியது!

"ஐயோ, கார் போகுது! ஆளில்லாமல் போகுது!" என்று கச்சான்காரி அலறினார். ஏன் அலற மாட்டார்? அவருடைய கடையை நோக்கியல்லவா வருகிறது! சத்தத்தில் நானா விழித்து, முன்சீட்டில் ஆளைக் காணாமல், "யா அல்லாஹ்!" என்று ஸ்ரியறிங்கைப் பிடிக்கப் பாய்ந்தார்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. "நானா, தொடாதேங்கோ! கை வையாதேங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கச்சான்காரி என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

இவர் தேங்காயைப் போட்டார், பொல்லைப் போட்டார், ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கெந்தலும் பாய்ச்சலுமாக ஒன்று. கார் ஆள் நடக்கிற வேகம்தான். எட்டி மிதிபலகையில் மரக்காலை ஊன்றி ஏறி, யன்னலுக்குள்ளால் கையை விட்டுக் கியர்ப்பிடியைத் தள்ளி, கதவைத் திறந்து உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தார். கச்சான் பரப்பிய சுளகுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

யாரோ கை தட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மிதிபலகையில் பாய்ந்து ஏறுகிற மனுசனை நான் ஒரு வருடமாகக் காணவில்லை. இவருக்கோ தான் என்ன செய்தோம் என்றே விளங்கவில்லை. "விட்டா நிக்கும் எண்டியள்?" என்று நானாவைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது பெற்றோல் மிதியை விடுறதை, காரை விட்டிட்டுப் போறதை இல்லை" என்றார் நானா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். உருண்டு போன தேங்காயைத் தேடி எடுத்து உடைத்துவிட்டுக் கிளம்பினோம். பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி சிவலிங்கத்தின் படலையில் ஹோர்ன் அடித்தோம்.

இப்படி ஒரு காரில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வவுனியாவிலேயே பெற்றோலை நிரப்பிவிடுங்கள். இந்தப் பெட்டி தனிச் சிவப்பு எண்ணெய் குடிக்கும். அது வழியில் கிடைக்காது, ஒரு தகரம் கொண்டுபோங்கள். பொழுதுபடுமுன் மாங்குளக் காட்டைத் தாண்டுங்கள், யானைக்கு ஹோர்ன் விளங்காது. பிள்ளையாரானாலும் கச்சானானாலும், கியர்ப்பிடியைப் பூட்டுகிற 'P' எழுத்துக்குக் கொண்டுவராமல் இறங்காதீர்கள். கைப்பிரேக்கையும் புதிதாகப் போடுங்கள். எல்லாவற்றையும்விட, உங்கள் இடது காலில் கவனமாக இருங்கள். அதைக் கிளிநொச்சியில்தான் கற்றுக்கொண்டோம்.

முறிகண்டிக் கதையைக் கேட்ட சிவலிங்கம் நானாவைப் பார்த்தார். "கை போனது உண்மை. ஆனா படேல்லை. தங்கச்சி போட்ட கூச்சலில ஆர் தொடுவான்?" என்றார் நானா. சிவலிங்கம் சிரித்துவிட்டார். "சரி, கார் அண்ணைக்குத்தான். ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டோ?" என்றார். முகத்தில் ஆசை வழிந்தது, பாவம்.

இவர் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். நானும் நானாவும் பின்னால். வாய்க்கால் கரையால் கார் அழகாகப் போனது. ஒரு வளைவு வந்தது. கிளச்சை மிதித்தே பழகிய சிவலிங்கத்தின் இடது கால் ஓங்கி இறங்கியது, அகலப் பிரேக்கின் மேல். எல்லோரும் முன்னால் போய் முட்டினோம். மறுபடி எடுத்தார். மறுபடி கால், மறுபடி முட்டு. மூன்றாம் முறை என் கச்சான் பொட்டலம் வெடித்துக் கார் முழுக்கச் சிதறியது.

"அண்ணை, நான் மிதிக்கேல்லை. அது தானாப் போய் மிதிக்குது" என்றார் சிவலிங்கம், வியர்த்து வழிய.

இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து, மரக்காலை ஊன்றி இறங்கி, காரைச் சுற்றி மற்றப் பக்கம் வந்தார்.

"இறங்கு தம்பி" என்றார். "உனக்கு ஒரு கால் கூடிப்போச்சு."