கழுத்தைக் கட்டிக்கொள்ளும் வழக்கம்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்க ஒரே முறைதான். குனிந்து, "என் கழுத்த நல்லா கட்டிக்கங்க" என்போம். அவர் கட்டிக்கொள்வார், நாங்கள் நிமிர்வோம். விரிப்போடு சேர்த்து நாலு பேர் தூக்க வேண்டும் என்று நர்சிங் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான் நானும். வார்டில் நாலு பேருக்கு எங்கே போவது? பெண்கள் வார்டு என்பதால் கூட வந்த ஆண்களை வாசலோடு நிறுத்திவிடுவோம். தூக்கத் தெம்புள்ளவர்கள் எல்லாம் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மணலூர்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நாற்காலிக்கு மாற்றும்போது பயந்துபோய் மொத்தமாக என் கழுத்தில் தொங்கிவிட்டார். என் இடுப்பில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. அவரைக் கீழே போடவில்லை.

"இன்னா சிஸ்டரம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. ஒக்காருங்க."

தைலம், மாத்திரை என்று கொஞ்ச காலம் ஓட்டினேன். ஒரு நாள் காலை டியூட்டியில் குனிந்தவள் நிமிரவில்லை. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அதே வார்டில் என்னையே படுக்க வைத்தார்கள். இனி ஆள் தூக்கக் கூடாதாம். ஆள் தூக்காமல் வார்டில் என்ன வேலை இருக்கிறது?

அன்று மத்தியானம் எனக்கு பெட்பேன் வேண்டியிருந்தது. இடுப்பை அசைக்க முடியவில்லை. வெள்ளிமலையிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஒல்லிப் பெண் குனிந்தாள்.

"கழுத்த கட்டிக்கினு லேசா எழும்புங்கக்கா."

என் கை தானாக அவள் கழுத்துக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம். வெளிய நிக்கிற ஆம்பளைங்கள கூப்புடு. விரிப்போட தூக்கட்டும்."

"லேடீஸ் வார்டுக்கா. ஹெட் சிஸ்டர் திட்டுவாங்க. நீங்க வெயிட்டு கம்மிதான்."

"நானும் அப்டி சொல்லிக்கினுதான் இருந்தேன். போ, கேட்டுட்டு வா."

அவள் ஹெட் சிஸ்டரைத் தேடி, அனுமதி வாங்கி, ஆட்களை அழைத்து வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை. கோபமும் வந்தது, அவள் மேல் இல்லை.

நாலு ஆண்கள் வேறு பக்கம் பார்த்தபடி விரிப்பின் மூலைகளைப் பிடித்து என்னைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் ஈர மெத்தையைக் குனிந்து துடைத்தாள். துடைத்து முடித்து, இடுப்பில் கை வைக்காமல் நிமிர்ந்தாள். அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.